புதுப் படகின் இன்ஜின் மீண்டும் மீண்டும் சூடாகிறது. முகவரும் விநியோகிப்பாளரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள்

தென்தீவுப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். 19 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு ஒன்றை, 115 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் இன்ஜினுடன் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் வகை), இங்கே சிங்கப்பூரில் உள்ள முகவர் ஒருவரிடம் புதிதாக வாங்கினேன். விடுமுறை நாள்களில் குடும்பத்துடன் குசு, லாசரஸ், செயிண்ட் ஜான்ஸ் தீவுகளுக்குச் சென்றுவருவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. படகு கைக்கு வந்து ஆறு மாதம் இன்னும் நிறையவில்லை.

முதலில் குசுத் தீவிலிருந்து திரும்பும்போது சூட்டு எச்சரிக்கை ஒலித்தது. அடுத்த நொடியே இன்ஜின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. பெரிய கப்பல்களும் விரைவுப் படகுகளும் ஓயாமல் செல்லும் அந்த நீர்வழியில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர்ந்து வருவது எப்படி இருக்கும் என்பதைக் கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகவர் படகை எடுத்துச் சென்று, கடல்நீரை இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் நீரேற்றியின் இம்பெல்லரையும் (உள்ளே சுழலும் இறகுச் சக்கரம்), சூட்டுக்கேற்ப அந்த நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிட்டு, ‘ஓட்டியபின் நன்னீர் பாய்ச்சிக் கழுவாததால் வந்த கோளாறு, இது உத்தரவாதத்தில் அடங்காது’ என்று கட்டணமும் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கழுவித்தான் வைக்கிறேன். படகை அடுக்கிவைக்கும் மரீனா ஊழியர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் அதே கோளாறு திரும்ப வந்துவிட்டது. இப்போது முகவர், இன்ஜின் குறை என்றால் விநியோகிப்பாளரைக் கேளுங்கள் என்கிறார். விநியோகிப்பாளரோ, பொருத்தியவர் முகவர்தானே, அவரையே கேளுங்கள் என்கிறார். கடிதம் எதுவும் இல்லை; எல்லாம் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும்தான்.

இந்த இன்ஜின் வகையே நம்பத்தகாததா? நான் யாரிடம், எந்த அடிப்படையில் கேட்க வேண்டும்? முகவரின் பெயரை இங்கே வெளியிட எனக்கு விருப்பமில்லை.

பொங்கோல்வாசி:

இன்ஜினின் பெயரை நீங்கள் சொல்லாதது ஒருவகையில் நல்லது. சொல்லியிருந்தால் இந்த உரையாடல் இழை யமஹாவா சுசுகியா என்ற சண்டையாக மாறி, உங்கள் கேள்வி காணாமற்போயிருக்கும். இன்று சந்தையில் இருக்கும் பெரிய தயாரிப்பாளர்களின் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின்களுக்குள், வார இறுதியில் மட்டும் ஓட்டுகிற நம்மைப் போன்றவர்கள் உணரக்கூடிய அளவுக்கு நம்பகத்தன்மையில் வேறுபாடு இருக்கிறது என்று நான் கருதவில்லை. உள்ளூரில் உதிரிபாகம் கிடைக்கிறதா, பணிமனையில் கற்றுத் தேர்ந்த ஆள் இருக்கிறாரா என்பவைதான் வேறுபாடு. எவின்ரூட் இன்ஜின்களைத் தலையில் வைத்துக் கொண்டாடிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அதைத் தயாரித்த பிஆர்பி நிறுவனம் 2020இல் அவுட்போர்ட் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. இன்ஜின் இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவரைத் தேடுவதுதான் அவருக்கு இப்போது வேலை.

உங்கள் முகவர் நடந்துகொண்ட விதம் மோசம். மாற்றிய பழைய பாகங்களை அவர் உங்களிடம் கொடுத்தாரா?

பழைய மெக்கானிக்:

முகவர் ஒருவரின் பணிமனையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், அவர்கள் பக்கத்தையும் சற்றுச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாகவே இருப்பதால் சிப்பியும் பாசியும் விரைவாகப் பிடிக்கின்றன. மிதக்கும் நெகிழிப் பையை இன்ஜினின் கீழ்ப்பகுதி உறிஞ்சிக்கொள்வதால் வரும் சூட்டு எச்சரிக்கைகளுக்குக் கணக்கே இல்லை. ‘தினமும் கழுவுகிறேன்’ என்று அடித்துச் சொன்ன வாடிக்கையாளரின் தெர்மோஸ்டாட் உறையைத் திறந்தால் உள்ளே உப்பு வெள்ளைப் பாறையாக இறுகிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். எனவே முகவருக்குச் சந்தேகம் வந்ததைக் குறைகூற மாட்டேன்.

ஆனால், சந்தேகத்தை வைத்துக் கட்டணம் வாங்கியது தவறு. உப்பு அடைத்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியும். ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கலாம். கழற்றிய இம்பெல்லரும் தானே பேசும். இறகுகள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருந்தால் அது பழசாகிவிட்டது. ஓரங்களில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் மணல் கலந்த ஆழமற்ற நீரில் ஓடியிருக்கிறது. நுனிகள் கருகிப் பளபளப்பாகத் தெரிந்தால் நீர் இல்லாமல் சுழன்றிருக்கிறது. புதுப் படகில் அதைப் பார்த்தால் நான் வேறொன்றைக் கேட்பேன்: எச்சரிக்கை எப்போது ஒலிக்கிறது? மெதுவாகப் போகும்போதா, முழு வேகத்திலா, நேராகவா, திருப்பும்போதா? ஒலிக்கும் தறுவாயில் இன்ஜினின் சுழற்சி எண்ணிக்கை திடீரென எகிறுகிறதா? இதைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

தென்தீவுப் பயணி:

பழைய பாகங்கள் தரப்படவில்லை; கேட்டபோது தூக்கி எறிந்துவிட்டதாகச் சொன்னார்கள். மெதுவாக ஓட்டும்போது ஒருபோதும் ஒலித்ததில்லை. வேகமாகச் சென்று வளைத்துத் திருப்பும்போதுதான் ஒலிக்கிறது. அப்போது படகு இழுக்காமல் இன்ஜின் மட்டும் இரைகிறது என்று என் மனைவி முன்பே சொல்லியிருக்கிறார். இன்ஜினின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சி வரும் நீர்த்தாரையும் அந்நேரத்தில் மெலிந்து, நுரையாக வருகிறது.

பழைய மெக்கானிக்:

அப்படியானால் இம்பெல்லரை மறந்துவிட்டு, படகு உலர்தளத்தில் இருக்கும்போது ஒரு நீண்ட அளவுச் சட்டத்துடன் போய்ப் பாருங்கள். புரொப்பெல்லருக்குச் சற்று மேலே தட்டையாக நீண்டிருக்கும் தகட்டைக் கேவிட்டேஷன் தகடு என்று நாம் சொல்வோம். சட்டத்தைப் படகின் அடிப்பகுதியோடு ஒட்டப் பிடித்துப் பின்னோக்கி நீட்டினால், பொதுவாக அந்தத் தகடு சட்டத்தின் மட்டத்திலோ அதற்குச் சிறிது மேலேயோ இருக்க வேண்டும். இன்ஜினை அதைவிட உயரமாகத் தூக்கிப் பொருத்தியிருந்தால், படகு சாய்ந்து திரும்பும்போது புரொப்பெல்லர் காற்றைப் பிடிக்கும். நீங்கள் சொல்லும் இரைச்சல் அதுதான். அதே நேரத்தில், இன்ஜினின் கீழ்ப்பெட்டியின் இரு பக்கமும் உள்ள நீர்வாய்கள் நீருக்குப் பதிலாகக் காற்றையும் நுரையையும் உறிஞ்சும். நீரேற்றி வறண்டு சுழன்றால் இறகுகள் கருகும். புது இம்பெல்லர் போட்டதும் சில நாள் சரியாக ஓடி, பிறகு மறுபடி அதே கதை நிகழ்வதற்கு இது பொருத்தமான விளக்கம். அவுட்போர்ட்கள் 20 அங்குலம், 25 அங்குலம் என வெவ்வேறு நீளங்களில் வருகின்றன. இன்ஜினை மாட்டியிருக்கும் உங்கள் படகின் பின்பலகை உயரத்துக்கு ஏற்ற நீளம்தான் வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று தீர்த்துச் சொல்லமாட்டேன். ஆனால் இது உறுதியானால், இன்ஜின் தயாரிப்பாளருக்கோ நீங்கள் கழுவியதற்கோ இதில் பங்கில்லை; பொருத்தியவர் யாரோ அவருடைய வேலை அது. பெரும்பாலும் போல்ட்டைக் கழற்றி ஒரு துளை கீழே இறக்கினால் தீர்ந்துவிடக்கூடியதை இத்தனை நாள் இழுத்தடிப்பார்களா என்றுதான் எனக்கு வியப்பு.

இன்னொன்று. இன்றைய இன்ஜின்களின் கணினி, எந்தச் சுழற்சி வேகத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது எச்சரிக்கை விழுந்தது என்பதையெல்லாம் பதிந்துவைக்கிறது. முகவரின் மடிக்கணினியில் அதை எடுக்க முடியும். அந்த அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள்.

கடற்காகம்:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். நீங்கள் பணம் கொடுத்தது முகவருக்கு, ஒப்பந்தம் அவருடன்தான். தயாரிப்பாளரின் உத்தரவாதம் அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல் வசதி. அதைக் காட்டி விற்றவர் தன் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. ஆகவே ‘விநியோகிப்பாளரைக் கேளுங்கள்’ என்ற பதிலை நீங்கள் ஏற்கத் தேவையில்லை.

குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க, இங்கே லெமன் சட்டம் என்று நாம் அழைக்கும் விதிகள் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால், அது ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டிய சுமை விற்றவருடையது. ‘நீங்கள் கழுவவில்லை’ என்று வாயால் சொல்வது அந்தச் சுமையை இறக்கிவிடாது; அதற்கான ஆதாரத்தை அவர்தான் காட்ட வேண்டும், அவரோ பாகங்களை எறிந்துவிட்டார். முதற்கட்டமாகப் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரும் இடையூறு இல்லாமல் அது நடக்காவிட்டால் விலைக் குறைப்பையோ பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதையோ கேட்கலாம். இது பயனீட்டாளராக வாங்கியவருக்கு மட்டுமே உரியது. வரிக் கணக்குக்காகவோ வேறெதற்காகவோ படகை நிறுவனத்தின் பெயரில் வாங்குகிறவர்கள் இந்தப் பாதுகாப்பை இழந்து நிற்பதை அடிக்கடி காண்கிறேன். தனியார் ஒருவரிடமிருந்து பழைய படகை வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தாது.

எனவே ஆறு மாதம் முடிவதற்குள் முகவருக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ போகட்டும். குறை முதலில் தோன்றிய தேதி, என்ன பழுதுபார்த்தார்கள், மீண்டும் தோன்றிய தேதி, இப்போது உங்கள் கோரிக்கை என்ன, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும், கோபம் வேண்டாம். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காமல் வைத்திருங்கள், அவையும் ஆதாரம்தான். பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் மூலம் சமரசத்துக்கு முயலலாம். சங்கத்தால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்தது சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலும், இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, வரவும் முடியாது. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். படகின் முழு விலையையும் திரும்பக் கேட்பதானால் தொகை இந்த வரம்பைத் தாண்டிவிடும். பிறகு மற்ற நீதிமன்றங்களுக்குப் போக வேண்டும், செலவும் கூடும். செலுத்திய கட்டணத்தையும் சரிசெய்யும் செலவையும் மட்டும் கேட்டால் வரம்புக்குள் எளிதாக அடங்கும். எனக்குத் தோன்றுவது, படகு உங்களுக்குப் பிடித்திருக்கும்வரை இரண்டாவது வழியே நல்லது.

பொங்கோல்வாசி:

கடற்காகம் சொன்னதோடு எனக்கு ஒரு தயக்கம். வழக்கு என்று போனபின் அதே முகவரிடம்தானே நூறு மணி நேரப் பராமரிப்புக்குப் படகைக் கொண்டுபோக வேண்டும்? இந்தச் சிறிய ஊரில் ஓர் இன்ஜின் வகைக்கு எத்தனை அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகள் இருக்கப்போகின்றன?

கடற்காகம்:

அந்தக் கவலை நியாயமானதே. அதனால்தான் முதற்கடிதத்தில் நீதிமன்றம் என்ற சொல்லையே எழுத வேண்டாம் என்கிறேன். மன்றத்துக்குப் போனாலும் விசாரணைக்கு முன்பு கலந்துபேசித் தீர்க்க வாய்ப்பு உண்டு. நியாயமான கடிதம் ஒன்று கோப்பில் இருந்தால் பல முகவர்கள் அதற்கு முன்பே இறங்கி வருவார்கள்.

தென்தீவுப் பயணி:

மரீனாவுக்குப் போய்ச் சட்டம் பிடித்துப் பார்த்தேன். தகடு, படகின் அடிமட்டத்தைவிட ஏறக்குறைய மூன்று விரற்கடை உயரத்தில் நிற்கிறது. படம் எடுத்து, அளவையும் தேதியையும் குறித்து, கழுவும் இடத்தில் வேலை செய்யும் அண்ணனிடம் நான் ஒவ்வொரு முறையும் நீர் பாய்ச்சுவதை எழுதித் தரவும் கேட்டிருக்கிறேன். மின்னஞ்சல் நாளை போகிறது. ஒரே ஐயம்: முகவர் அதற்குள் ‘நாங்களே இறக்கித் தருகிறோம்’ என்று படகை எடுத்துச்செல்ல வந்தால் விடலாமா?

பழைய மெக்கானிக்:

விடலாம், ஆனால் உடனே வேண்டாம். இப்போது எந்தத் துளையில் போல்ட் இருக்கிறது என்பது தெரியும்படி பின்பலகையை அருகிலிருந்து படம் எடுத்துவிடுங்கள். முடிந்தால் தனியாக ஒரு கடல்துறை அளவையாளரை அழைத்து ஒரு பக்க அறிக்கையாவது வாங்குங்கள். அந்தக் கட்டணத்தையும் கோரிக்கையில் சேர்க்கலாம். முகவர் படகை எடுக்கும்போது, என்ன வேலை, யார் செலவு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேலை முடிந்தபின் முகவரின் ஆளையும் படகில் ஏற்றிக்கொண்டு, முழு வேகத்தில் இரு பக்கமும் வளைத்துத் திருப்பிப் பாருங்கள். இம்பெல்லரையும் மறுபடி மாற்றச் சொல்லுங்கள். இப்போது உள்ளே இருப்பதும் கருகியிருக்கும். இம்முறை பழையதைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.