பள்ளிக்கூடத்து மறுபயனீட்டுத் தொட்டி: எங்கே சொதப்புகிறது, எப்படிச் சரிசெய்வது?

உட்லண்ட்ஸ் டீச்சர்:
பள்ளித் தொட்டியில் அதிகம் வீணாவது காகிதம். வீணாக்குவது மிச்சம் வைத்த பானம். 200 மில்லி மிலோ பாக்கெட்டைப் பாதி குடித்துவிட்டு ஸ்ட்ராவோடு வீசினால், கீழே கிடக்கும் பயிற்சித்தாள்கள் ஊறிவிடும். ஊறிய தாளை யாரும் எடுக்க மாட்டார்கள். எரிஉலைக்குப் போய், சாம்பலாகச் சிங்கப்பூரின் செமாக்காவ் தீவுக் குப்பை நிரப்புமிடத்துக்குப் போய்ச் சேரும். 1999-இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கு. வீடமைப்புப் பேட்டைகளில் மறுபயனீட்டுக்கு வைத்திருக்கும் நீலத் தொட்டிகளிலும் சுமார் 40 விழுக்காடு இப்படி உதவாத பொருள்தான்.

சிற்றுண்டிச்சாலையில் முதலில் மிச்சத்தைக் கொட்டச் சல்லடை போட்ட வாளி, அடுத்து அலசும் தண்ணீர், கடைசியில் தொட்டி. இந்த வரிசை முக்கியம். தொட்டி முன்னால் இருந்தால் வாளிப் பக்கம் ஒருவரும் போக மாட்டார்கள். பளபளவென்று கழுவ வேண்டியதில்லை, மிச்சத்தைக் கொட்டி ஓர் அலசு போதும். அலசும் தண்ணீரை ஒவ்வோர் இடைவேளைக்கும் மாற்றுங்கள். புளித்த வாடை வந்தால் பிள்ளைகள் கை வைக்க மாட்டார்கள். பாக்கெட்டின் நாலு மூலையையும் பிரித்துத் தட்டையாக்கினால் இடமும் மிச்சம்.

பிடோக் அக்கா:
டீச்சர் சொல்றது கேண்டீனுக்குச் சரி. வகுப்பறைக்குத் தொட்டி வாங்கவே வேண்டாம். 5 ரீம் ஏ4 தாள் வரும் அட்டைப்பெட்டி போதும். மூடியில இரண்டு விரல் அகலத்துக்கு நீளமா ஒரு கீறல் போடுங்க. தாளை விரிச்சுத்தான் போட முடியும், பாக்கெட்டும் கசக்கின டிஷ்யூவும் உள்ளே போகாது. முழுக்க நிரப்பாதீங்க. சதுர மீட்டருக்கு 80 கிராம் தாள்னா 5 ரீம் பன்னிரண்டரை கிலோ, தொடக்கநிலை 4 பிள்ளை தூக்குற எடையா அது? பாதியிலேயே மாத்திடுங்க.

ஸ்டேப்ளர் ஊசியைப் பிடுங்கிட்டு உட்கார வேண்டாம், காகித ஆலையிலேயே பிரிச்சிடுவாங்க. ஆனா புத்தகத்து பிளாஸ்டிக் உறை, சுருள் கம்பி, லேமினேட் செஞ்ச தாள், மினுமினுப்புத் தூள் ஒட்டின வாழ்த்து அட்டை, இதெல்லாம் பெட்டிக்குள்ள வரவே கூடாது.

யீஷூன் அப்பா:
எல்லாம் கடைசியில் ஒரே லாரியில்தானே ஏறுகிறது? பிரித்து என்ன பயன்?

ஜூரோங் அண்ணன்:
மறுபயனீட்டு லாரி வேறு, குப்பை லாரி வேறு. மறுபயனீட்டு லாரியில் தாள், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி எல்லாம் கலந்தே ஏறும், பிரிப்பு நிலையத்தில் தனித்தனியாக்குவார்கள். அதனால் தொட்டியில் நான்கு நிறம் வைப்பதைவிட, உள்ளே போவது சுத்தமாகவும் காய்ந்தும் இருப்பதுதான் பெரிது.

பள்ளியில் உண்மையிலேயே ஒன்றாகக் கலக்கும் இடம் மாடிப்படி மூலை. துப்புரவுப் பணியாளரிடம் இருப்பது ஒரே கறுப்புப் பை. இரண்டு தொட்டியையும் அதிலேயே கவிழ்த்துவிடுவார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மறுபயனீட்டுக்கு ஒளிபுகும் பை, குப்பைக்குக் கறுப்புப் பை என்று தனியாகக் கொடுத்து, அதைத் துப்புரவு ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். லாரி எந்த நாளில் வருகிறது, அதுவரை பைகளை எந்த அறையில் வைப்பது என்பதையும் முடிவு செய்யுங்கள். இடமில்லாவிட்டால் தேர்வு முடிந்த வாரத்தில் எல்லாம் குப்பைக்குத்தான் போகும். சுவரொட்டிப் போட்டிக்குச் செலவழிக்கும் நேரத்தில் கால்வாசி இதற்குப் போதும்.

தோட்டக்காரி:
உணவுக் கழிவில் உரம் போடுகிறவர்களுக்கு: பழத்தோல், காய்கறித் துண்டு மட்டும். மீகோரெங் (வறுத்த நூடுல்ஸ்), கோழிச்சோறு மிச்சம் வேண்டாம். எண்ணெயும் இறைச்சியும் எலியைக் கூப்பிடும். ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை, வாரத்துக்கு இரண்டு முறை கிளறல். நாற்றம் அடித்தால் ஈரம் கூடிப்போய் உள்ளே காற்று இல்லை என்று பொருள், இன்னும் காய்ந்த இலை சேருங்கள். உரத்தொட்டியின் வடிதட்டில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது, ஏடிஸ் கொசு முட்டையிடும். பள்ளி விடுமுறையில்தான் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

பிடோக் அக்கா:
பேட்டரியை நீலத் தொட்டியில போடாதீங்க, மின்கழிவுத் தொட்டி தனி. லித்தியம் பேட்டரி நசுங்கினா லாரியிலேயே தீப்பிடிக்கும். முனைகள்ல டேப் ஒட்டிட்டுப் போடுங்க. உப்பிப்போனதைப் பிள்ளைங்க கையில கொடுக்காதீங்க.

யீஷூன் அப்பா:
திருப்பிக் கொடுத்தால் 10 காசு வைப்புத்தொகை கிடைக்கும் புட்டிகளையும் பானப் பாக்கெட் மாதிரி நசுக்கலாமா?

உட்லண்ட்ஸ் டீச்சர்:
கூடாது. 150 மில்லி முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் புட்டியும் உலோக டின்னும்தான் அந்தத் திட்டத்தில் சேரும். காலி செய்து, நசுக்காமல், லேபிளைக் கிழிக்காமல் கொடுக்க வேண்டும், திரும்பப் பெறும் இயந்திரம் பட்டைக்குறியைப் படிக்க வேண்டுமே. பால் பாக்கெட் இதில் வராது, அதை மட்டும் தட்டையாக்குங்கள்.