‘செமான்டிக் விக்கி’க்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கொடைக்கானல், திங்கள் இரவு

மடற்குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை இங்கே பள்ளி ஆசிரியர்கள் இருபது பேருக்கு ஒரு பயிற்சி. பழனிமலைச் சோலைகளின் செடிகொடிகளைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிச் சேர்க்கப்போகிறோம். பலர் கூடி எழுதித் திருத்தும் இணையத்தளமான வெறும் விக்கி அல்ல, செமான்டிக் விக்கி. கையேடு வெள்ளி மாலை அச்சுக்குப் போக வேண்டும். உள்ளே எல்லாம் தமிழாகிவிட்டது; அட்டையில் மட்டும் ‘செமான்டிக்’ உட்கார்ந்திருக்கிறது.

புதியவர்களுக்காக: குறிஞ்சியின் பக்கத்தில் ‘பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்’ என்று எழுதினால் படிப்பவருக்குப் புரியும், கணினிக்கு அது வெறும் எழுத்துக் கோவை. அதையே [[பூக்கும் இடைவெளி::12]] என்று எழுதினால், இந்தச் செடிக்கும் அந்த 12க்கும் என்ன உறவு என்பதும் சேர்ந்து பதிவாகிறது. பிறகு, ‘1500 மீட்டருக்கு மேல் வளர்பவை, ஐந்தாண்டுக்கு மேல் இடைவெளி விட்டுப் பூப்பவை எவை?’ என்று கேட்டால் பட்டியல் வந்து நிற்கும். நாங்கள் பயன்படுத்துவது 2005இல் தொடங்கிய செமான்டிக் மீடியாவிக்கி. அதன் வேர் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில்.

‘பொருளுணர் விக்கி’ என்று போட்டிருக்கிறேன். சரியா? ஒரு வரியில் பதில் போதும்.

தாண்டிக்குடி, செவ்வாய் காலை

அம்மா, முப்பது ஆண்டு தமிழ் நடத்தியவனிடம் ஒரு வரியில் பதில் கேட்கிறீர்கள். முயல்கிறேன்: தவறு.

‘பொருளுணர்’ வினைத்தொகை. உணர்ந்த, உணர்கின்ற, உணரும் என்று மூன்று காலத்துக்கும் விரியும். உங்கள் கருவி நேற்றும் எதையும் உணரவில்லை, இன்றும் உணரவில்லை, நாளையும் உணராது. முக்காலத்துக்கும் பொய் சொல்கிற ஒரு சொல்லை ஆசிரியர்கள் கையில் கொடுக்கலாமா?

என் பரிந்துரை ‘பொருள்கோள் விக்கி’. செய்யுளில் சொற்கள் இடம் மாறிக் கிடக்கும். எதை எதனோடு கூட்டினால் பொருள் கிடைக்கும் என்று காட்டுவதே பொருள்கோள். தொல்காப்பியர் நான்கு சொன்னார், நன்னூலார் எட்டாக்கினார். சொற்களை வரிசையாக வைத்து, அதே வரிசையில் பொருள் கொள்ளும் நிரனிறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது’. அன்பு பண்புக்கு, அறன் பயனுக்கு. இரண்டு பத்தி, இரண்டு வரிசை. உங்கள் இரட்டை முக்காற்புள்ளி (::) செய்கிற வேலையை வள்ளுவர் ஏழு சீரில் முடித்துவிட்டார். ‘பூக்கும் இடைவெளி’ போன்றவற்றைக் குறிக்கும் ‘புராபர்ட்டி’ என்பதற்கு நீங்கள் ‘பண்பு’ என்று வைத்திருப்பீர்கள் என நினைக்கிறேன். அதுவும் அந்தக் குறளிலேயே இருக்கிறது, பாருங்கள்.

கோத்தகிரி, செவ்வாய் மதியம்

ஐயா சொல்வதில் முதல் பாதி உண்மை. நீலக்குறிஞ்சி பக்கத்தில் ‘கடைசிப் பூப்பு 2018’, ‘இடைவெளி 12’ என்று இரண்டையும் எழுதி வைத்தாலும், அடுத்தது 2030 என்று அது தானாகச் சொல்லாது. கூட்டு என்று வார்ப்புருவில் (பக்கங்களுக்குப் பொதுவான அச்சில்) நாம் எழுதி வைத்தால்தான் கூட்டும். ஒருவர் உயரத்தை மீட்டரிலும் இன்னொருவர் அடியிலும் அலகு போடாமல் எழுதிவிட்டால், தொட்டபெட்டாவை எவரெஸ்ட்டோடு சேர்த்துவிடும். (2637 மீட்டர் அடியில் 8,652. எங்கள் பதிவில் ஒருமுறை நடந்தது.) இதையா ‘உணர்’ என்பது?

ஆனால் ‘கோள்’ என்றால் இன்றைய மாணவனுக்குச் செவ்வாயும் வியாழனும். ஆசிரியைகளுக்கு, கோள் மூட்டுவது. எளிதாகப் ‘பொருள்சார் விக்கி’ என்று போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

தாண்டிக்குடி, செவ்வாய் மாலை

தம்பி, வானத்துக் கோளும் ‘கொள்’ என்பதிலிருந்து வந்ததே. வடமொழியில் ‘கிரகம்’ என்றாலும் பற்றுவது, பிடிப்பது. ஆக என் சொல் உங்கள் மாணவனுக்கு ஏற்கெனவே பாதி தெரியும்.

‘பொருள்சார்’ பற்றி: பொருள் என்றால் அர்த்தம், பண்டம், பணம். திருக்குறளில் பொருட்பால் அரசனுக்கு. பொருளியல் என்றால் பல்கலைக்கழகத்தில் ஒன்று, பொருளதிகாரத்தில் வேறொன்று. இத்தனை பேர் குடியிருக்கும் வீட்டில் ‘சார்’ என்று போய் நின்றால் யாரைச் சார்ந்தது என்று எப்படித் தெரியும்?

பழனி, புதன் காலை

மலை மேல் இருப்பவர்கள் முன்பாதியிலேயே சண்டையிடுகிறீர்கள். பின்பாதியை யாரும் தொடவில்லை. ‘விக்கி’ தமிழா? விக்கல் தமிழ். விக்கி விக்கி அழுவதும் தமிழ். ஆனால் இது ஹவாய் மொழியில் ‘விரைவு’. 1995இல் வார்டு கன்னிங்காம் தம் தளத்துக்குப் பெயர் தேடியபோது, ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடும் ‘விக்கி விக்கி’ பஸ் நினைவுக்கு வந்ததாம். ஏதோ ஓர் ஊர் பஸ்ஸின் பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்? பஸ்ஸையே பேருந்து ஆக்கியவர்கள் அல்லவா நாம். பலர் கூடி எழுதுவதால் ‘கூட்டேடு’. என் வாக்கு: பொருள்கோள் கூட்டேடு.

கோத்தகிரி, புதன்

தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இருக்கிறது. அந்த பஸ் கிளம்பி நெடுங்காலம் ஆகிவிட்டது ஐயா. ‘பொருள்கோள் கூட்டேடு’ என்று அட்டையில் கண்டால் யாப்பிலக்கணத் துணைநூல் என்று நினைத்து யாரும் திறக்கமாட்டார்கள்.

செண்பகனூர், புதன் இரவு

நான் செடி பார்க்கிறவள், இலக்கணம் குறைவு. எனக்கு இந்தக் கருவி ஏன் வேண்டும் என்று சொல்கிறேன். ‘குறிஞ்சி’ என்ற ஒரே சொல் நிலத்துக்கும் பெயர், பண்ணுக்கும் பெயர், கோயிலில் முருகனுக்கும் பெயர், செடிக்கும் பெயர். செடியிலும் ஒன்று அல்ல. ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் பல இனங்கள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இடைவெளி. குறுந்தொகையின் ‘கருங்கோற் குறிஞ்சி’ எது? தண்டின் நிறத்தை ஒருவர் பதிந்து, பூக்கும் ஆண்டை இன்னொருவர் பதிந்து, இடத்தை மூன்றாமவர் பதிந்தால், எந்தக் குறிஞ்சி என்று பிரித்துவிடலாம். ஒருவர் தனியாக ஆயுள் முழுவதும் அலைந்தாலும் முடியாத வேலை. ஆகவே நாம் செய்வது குறியிடுவது. ‘பொருட்குறி விக்கி’ என்றால் என்ன?

பின்குறிப்பு: ஆய்வுக் கட்டுரைகளில் ‘ஷோலா’ என்று வருவது நம் சோலைதான். அதைத் திரும்பவும் ‘ஷோலா காடு’ என்று தமிழில் எழுதுகிறார்கள். கையேட்டில் அது மட்டும் வேண்டாம்.

தாண்டிக்குடி, வியாழன் அதிகாலை

இரவு தூங்கவில்லை. செண்பகனூர் அம்மா சொன்னது கிரேக்கத்துக்கே போகிறது. ‘செமான்டிக்’ என்பதன் வேர் ‘சேமா’, அதாவது குறி, அடையாளம். தொல்காப்பியர் பெயரியலைத் தொடங்குவதே ‘எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே’ என்று. உணர்ந்தனவே என்றா சொன்னார்? குறித்தனவே. கிரேக்கரும் தொல்காப்பியரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். என் சொல்லைக்கூட விட்டுக்கொடுக்கத் தயார்.

கொடைக்கானல், வியாழன்

ஐயா, மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் ‘குறி’ என்று எழுதிவிட்டுத் திரும்பினால் பின்வரிசை பையன்கள் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? தப்பித்தாலும், ‘டீச்சர், கணினி குறி சொல்லுமா?’ என்பான் ஒருவன். உடுக்கை வேண்டும் என்பான் இன்னொருவன்.

தாண்டிக்குடி, வியாழன்

அப்படியானால் குறிஞ்சிக்கும் சிரிப்பார்களா? முற்றுப்புள்ளியையே நிறுத்தற்குறி என்றுதானே நடத்துகிறீர்கள்?

பழனி, வியாழன்

குறி போகட்டும். ‘கானல்’ நெய்தல் நிலத்துக் கடற்கரைச் சோலை. அது எப்படிக் கொடைக்கானல் மலையேறியது? எனக்கு நெடுநாள் ஐயம்.

(குழுவை நடத்துபவர்: இதற்கு வந்த பதினொரு மடல்களையும் தனி இழையாக்கிவிட்டேன். கோடைக்கானலா, கொடிக்கானலா என்பதை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். ‘நாலெட்ஜ் மேனேஜ்மென்ட்’ அறிவு மேலாண்மையா, அறிவுப் பேணலா என்பதற்கும் அங்கேயே இடம் இருக்கிறது. ‘அறிவு அற்றங் காக்கும் கருவி’, கருவியைப் பேணத்தான் வேண்டும் என்றவர் வாதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இன்று வியாழன்.)

கொடைக்கானல், வெள்ளி மாலை 4 மணி

எண்ணிவிட்டேன். பொருள்சார் ஐந்து, பொருள்கோள் இரண்டு, பொருட்குறி இரண்டு, ‘எதுவானாலும் சரி’ நான்கு. நான்கையும் ஐந்தோடு சேர்த்து ‘பொருள்சார் விக்கி’ என்று அனுப்பிவிட்டேன். மனநிறைவு இல்லை. அச்சகத்தில் தட்டச்சு செய்த பெண் தலைப்பைப் பார்த்துவிட்டு, ‘பூம்பாறைப் பூண்டு விலை இதில் தெரியுமா அக்கா?’ என்று கேட்டாள். அவள் அப்பா பூண்டு போடுகிறவர். பொருள் பற்றி ஐயா எச்சரித்தது சரிதான். இரண்டாம் பக்கத்தில், ‘இங்கே பொருள் என்பது சொல்லின் பொருள்’ என்று ஒரு வரி சேர்த்தேன்.

தாண்டிக்குடி, வெள்ளி இரவு

ஒரு சொல்லுக்கு அதே பக்கத்தில் உரை எழுத நேர்ந்தால் அது கலைச்சொல்லா? பெரும்பான்மைக்கு வணங்குகிறேன். எனக்கு வரும் படியில் அட்டையில் பென்சிலால் ‘பொருள்கோள்’ என்று எழுதிக்கொள்வேன். அதை யாரும் தடுக்க முடியாது.

கையேட்டின் ஏழாம் பக்கத்தில் பட்டியல் கேட்பதற்கு ‘வினவல்’ என்று போட்டிருக்கிறீர்கள். நன்னூலில் வினா ஆறு வகை. அறியாதவன் கேட்பது அறியா வினா. கடைக்குப் போய்ப் ‘பயறு உண்டோ வணிகீர்?’ என்பது கொளல் வினா. உங்கள் கருவியிடம் கேட்பது இரண்டில் எது? இரண்டாம் பதிப்புக்கு முன் பேசிவிடுவோம்.