மனைவி படிக்கப் போனால் சனிக்கிழமை யாருக்கு?

வெள்ளவத்தைக்காரன்:
என் மனைவி திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணி (LLB) பட்டம் முடித்துவிட்டார். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பகுதியில் முழுநேர வேலை, இரண்டு பிள்ளைகள், கூடவே என் அம்மா. எப்படிச் சமாளித்தீர்கள் என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

படிப்பு கஷ்டம்தான். ஆனால் அது அவர் பாடு. வீட்டுக்காரனுக்கு இருக்கும் வேலை வேறு: சனி, ஞாயிறை யாரும் பறிக்காமல் பார்த்துக்கொள்வது. வேலை செய்பவர்களுக்கு வகுப்பு வார இறுதியில்தான் வசதி. எங்கள் சனத்தின் கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாம் அதே வார இறுதியில்தான். காலையில் அவர் நுகேகொடை போய், கம்பஸ் இருக்கும் நாவலைக்கு 176 பஸ் பிடிப்பார். நான் பிள்ளைகளுக்கு உடுப்புப் போட்டு மண்டபத்துக்குக் கூட்டிப்போவேன்.

"எங்க அவ?"
"கம்பஸுக்குப் போட்டா."
"இந்த வயசிலயோ?"

இதற்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். சிரித்துவிட்டு, என்வலப்பைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டதும் கிளம்பிவிடுவேன். சமைத்துக் கொடுத்ததை விட இதுதான் பெரிய உதவி என்று அவரே சொல்லியிருக்கிறார். (என் சமையலும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.)

2022 பொருளாதார நெருக்கடியில்தான் படிப்பை விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. எந்தப் பிரிவுக்கு எப்போது கரண்ட் போகும் என்று அட்டவணை வரும். அதைப் பார்த்துத்தான் மோட்டர் போடுவது, லப்டொப் சார்ஜ் பண்ணுவது, அஸைன்மென்ட் எழுதுவது. தொடர் மதிப்பீட்டில் புள்ளி போதாவிட்டால் இறுதிப் பரீட்சையில் உட்கார விடமாட்டார்கள், அதனால் தள்ளிப்போடவும் முடியாது. நான் பெற்றோல் வரிசையில் நிற்பேன், அவர் வீட்டில் டோர்ச் வெளிச்சத்தில் ஒப்பந்தச் சட்டம் படிப்பார்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருமகள் படிப்பதை அவர் எதிர்க்கவில்லை. பெருமூச்சு விடுவார், அவ்வளவுதான். ஒரு நாள் இரவு இடியப்பம் சாப்பிடும்போது மனைவி, யாழ்ப்பாணத் தமிழர்களின் வழமைச் சட்டமான தேசவழமையைப் பற்றிச் சொன்னார்.

"என்ர சீதனக் காணியை நான் விக்கிறதெண்டா இவற்ற சம்மதம் வேணுமாம் மாமி."
"இது ஊருக்கே தெரிஞ்ச விசயம். இதைப் படிக்கவே காசு கட்டுறாய்?"
"அவர் தன்ர காணியை விக்க என்ர சம்மதம் தேவையில்லையாம். அதுவும் தெரியுமோ?"

அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் தேத்தண்ணியோடு வந்து, 'பரம்பரையா வந்த முதுசம் எண்டா அதுக்கென்ன சட்டம்?' என்று கேட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமைக் குசினி அவர் பொறுப்பானது. மருமகளின் படிப்பில் அக்கறையா, கோண்டாவில் காணியில் அக்கறையா, எனக்கு இன்னும் தெளிவில்லை.

பட்டத்தோடு முடியவும் இல்லை. சட்டத்தரணியாக வேண்டுமென்றால் கொழும்பு புதுக்கடையில் சட்டக் கல்லூரி, ஒரு சீனியரிடம் ஆறு மாதப் பயிற்சி. அதைப் பற்றி இப்போதைக்கு வீட்டில் யாரும் பேசுவதில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, நான் உங்கள் மனைவியின் பக்கம். நானும் படித்தவள்தான்: வெளிவாரிப் பட்டம், அதுவும் பிள்ளைகள் பிறந்த பிறகு. எங்கள் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. பகலில் அவர் நித்திரை கொள்ளும்போது வீட்டில் புத்தகத்தைப் புரட்டினாலும் சத்தம். அதனால் வேலை முடிந்து கொழும்பு பொது நூலகத்துக்குப் போய்விடுவேன். குளிர்ச்சி, அமைதி, 'அம்மா' என்று கூப்பிட ஆளில்லை. உண்மையில் படித்தது பாதி, சும்மா இருந்தது பாதி.

அவர் நல்ல மனுசன், ஒன்றைத் தவிர. ஒரு நாள் பருப்புக்கறி வைத்தால் ஒரு கிழமைக்கு அதுதான் கதை. என் அக்காவுக்கு அழைப்பு எடுத்தும் சொல்வார். அந்த நேரத்துக்கு நானே வைத்திருக்கலாம்.

மேலதிகாரி ஒருவரைப் பற்றியும் எழுத ஆசை. பரீட்சை லீவு கேட்டால், 'பட்டம் வந்தால் எங்களை விட்டுப் போய்விடுவீர்களே' என்பார். போய்விட்டேன்.

அது சரி, உங்கள் மனைவியிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு ஊர் மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடியில் அப்பா எழுதித் தந்த வளவு ஒன்று இருக்கிறது. அதை விற்க எனக்கும் இவருடைய கையெழுத்து வேண்டுமா?

வெள்ளவத்தைக்காரன்:
கேட்டேன் அக்கா. பதில் சொல்லுமுன் அவர் திருப்பிக் கேட்டது, 'அவவின்ர மனுசன் எந்த ஊர்?'

அவரும் மட்டக்களப்பு என்றால் தேவையில்லையாம். கிழக்கில் தேசவழமை இல்லை, பொதுச் சட்டம்தான். அவர் தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்து ஆள் என்றால் கதை வேறு: கலியாணம் நிலைத்திருக்கும்வரை மனைவிக்கும் தேசவழமை பொருந்தும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறதாம். எதற்கும் உறுதி முடிக்கிறதற்கு முன் நொத்தாரிசிடம் காட்டிவிடுங்கள், என் மனைவி இன்னும் சட்டத்தரணி ஆகவில்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:
இவர் யாழ்ப்பாணம், பருத்தித்துறை.