வீட்டுக் குழு: அக்டோபர் 21

அப்பா, மாலை 5:48
காலையில் ஆயுதப்படை மைதானத்துக்குப் போய் வந்தேன். காவலர் வீரவணக்க நாள். குண்டு முழங்கி, மலர்வளையம் வைத்து, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஓய்வு பெற்றவர்கள் ஏழு பேர்தான் வந்திருந்தோம்.

சித்தப்பா, மாலை 5:55
1959-இல் லடாக்கில் சீனாக்காரன் சுட்டுப் பத்துப் போலீஸ்காரர்கள் இறந்தார்களே, அதற்காகத்தானே அண்ணே?

அப்பா, மாலை 5:57
ஆமாம். ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடம்.

அக்கா (ஹூஸ்டன்), மாலை 6:31
அப்பா, இங்கே ஒரு டோல் சாலைக்கே போலீஸ்காரர் பெயர் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஊரைச் சுற்றிப் போகும் பெல்ட்வே 8 வழியாக இப்போதுதான் வந்தேன். 249-ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் பலகை. டெபுடி சந்தீப் சிங் தாலிவால் நினைவு டோல்வே.

சித்தப்பா, மாலை 6:33
பேர் அவருக்கு, காசு நமக்கா?

அப்பா, மாலை 6:34
சர்தாரா? என்ன ஆனது அவருக்கு?

அக்கா, மாலை 6:41
2019 செப்டம்பர் 27. ஒரு காரை நிறுத்திச் சோதித்துவிட்டுத் தன் வண்டிக்குத் திரும்பி நடந்தார். பின்னாலிருந்து சுட்டுவிட்டான். 42 வயது, மூன்று பிள்ளைகள். சுட்டவனுக்கு 2022-இல் மரண தண்டனை விதித்தார்கள்.

அப்பா, மாலை 6:42
பின்னாலிருந்து.

அம்மா, மாலை 6:43
ஐயோ பாவம். நீ சாப்பிட்டாயா?

அக்கா, மாலை 6:49
சாப்பிட்டேன் அம்மா. அப்பா, அவர் கதையே தனி. லாரித் தொழில் செய்துகொண்டிருந்தவர். சீக்கியக் குடும்பம் ஒன்று திருட்டுப் புகார் கொடுக்க, வந்த போலீஸ் அவர்களையே சந்தேகப்பட்டு நடத்தியதாம். அந்தக் கசப்பு தீர வேண்டுமானால் உள்ளே நம் ஆள் ஒருவர் வேண்டும் என்று தொழிலை விற்றுவிட்டுச் சேர்ந்தார். முதலில் சிறைக் காவல். 2015-இல்தான் தலைப்பாகையும் தாடியுமாக ரோந்து போக ஷெரிப், அதாவது இங்குள்ள மாவட்டப் போலீஸ் தலைவர், அனுமதி கொடுத்தார். ஹார்வி புயலின்போது லாரி நிறைய நிவாரணப் பொருள் வரவழைத்தவரும் இவர்தான்.

நான், மாலை 6:52
பெயர் வைப்பதை யார் முடிவு செய்கிறார்கள் அக்கா?

அக்கா, மாலை 6:56
சாலைக்கு ஹாரிஸ் கவுண்டி, அதாவது எங்கள் மாவட்டத்தின் கமிஷனர்கள். அவர் இறந்த அடுத்த மாதமே தீர்மானம், 2020 அக்டோபரில் பலகை. ஆடிக்ஸ் பக்கம் ஒரு தபாலாபீசுக்கும் அவர் பெயர்தான். அதற்கு மட்டும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மசோதா நிறைவேற்றி, அதிபர் கையெழுத்துப் போட வேண்டும்.

சித்தப்பா, மாலை 6:57
ஒரு தபாலாபீசுக்கா!

அக்கா, மாலை 6:59
ஆமாம். இந்திய வம்சாவளிக்காரர் பெயரில் இது இரண்டாவது தபாலாபீஸ். முதலாவது கலிபோர்னியாவில், தலிப் சிங் சௌந்த் பெயரில். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், சாலைக்கு அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் பெல்ட்வேதான். நானே அவசரமாகப் போகும்போது பலகையைப் பார்ப்பதில்லை.

நான், மாலை 7:03
நம் ஊரில் இப்படி ஏன் செய்வதில்லை?

சித்தப்பா, மாலை 7:05
பேர் வைத்தால் அவன் என்ன ஆள் என்று முதலில் கேட்பான். அப்புறம் பலகையில் சாணி அடிப்பான். நேசமணி பஸ் என்ன ஆனது?

நான், மாலை 7:06
எந்த பஸ்?

அப்பா, மாலை 7:14
உனக்கு நினைவிருக்காது மக்களே. நாகர்கோவில் பஸ்ஸில் நேசமணி என்றும், திருநெல்வேலி பஸ்ஸில் கட்டபொம்மன் என்றும் எழுதியிருக்கும். 1997-இல் விருதுநகர் பக்கம் புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். அதற்குக் கலவரம். கடைசியில் மாவட்டம், பஸ் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு மொத்தமாக எடுத்துவிட்டது. அந்த நாட்களில் எங்களுக்கு லீவே கிடையாது. யாரோ ஒருவர் பெயருக்கு நாங்கள் லத்தியோடு காவல் நின்றோம்.

அப்பா, மாலை 7:21
களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் நானும் இரவுப் பணி பார்த்திருக்கிறேன். 2020 ஜனவரி 8, அங்கேதான் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். சிறப்பு எஸ்.ஐ. ஓய்வுக்குச் சில மாதமே இருந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இப்போதும் எட்டிப் பார்ப்பேன்.

சித்தப்பா, மாலை 7:24
சாலை வேண்டாம் அண்ணே, அந்தச் சாவடிக்கு வைக்கக் கேட்கலாமே. சாவடிக்கு எவன் சண்டைக்கு வரப்போகிறான்?

அப்பா, மாலை 7:26
எழுதலாம். காலையில் வந்த ஏழு பேரும் கையெழுத்துப் போடுவார்கள்.

நான், மாலை 7:27
நான் கணினியில் அடித்துத் தருகிறேன் அப்பா.

அப்பா, மாலை 7:29
வேண்டாம், கையால் எழுதுகிறேன். மக்களே, அந்தப் பலகையை ஒரு படம் எடுத்து அனுப்பு. மனுவோடு வைக்கலாம்.

அக்கா, மாலை 7:31
டோல்வேயில் வண்டியை நிறுத்த முடியாது அப்பா. தபாலாபீசுக்கு சனிக்கிழமை போகிறேன். வாசலில் படம் எடுத்து, உங்களுக்கு ஒரு கார்டும் அங்கிருந்தே போடுகிறேன்.

அம்மா, மாலை 7:33
பின்கோடு எழுது. போன தடவை நீ எழுதாமல் விட்டு ஒன்றரை மாதம் ஆனது.