குமுளி பக்கம் மெடிக்கல் ஷாப்: கரண்ட் போனால் இன்சுலினை என்ன செய்வது?

ஏலமலை_மெடிக்கல்ஸ்:
மழை பிடித்தால் இங்கே மரம் விழுந்து நாலைந்து மணி நேரம் கரண்ட் வராது. கடையில் இருப்பது ஒற்றைக் கதவு வீட்டு ஃப்ரிட்ஜ், மேலே ஃப்ரீசர். இன்சுலின் வயல் (ஊசி மருந்துக் குப்பி), பென் கார்ட்ரிட்ஜ் (இன்சுலின் பேனாவுக்குள் போடும் குப்பி), டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி, கண் சொட்டு மருந்து எல்லாம் அதில்தான். கரண்ட் போனதும் ஃப்ரீசர் ஐஸை எடுத்து இன்சுலின் மேல் வைக்கலாமா? இன்னொன்று: ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் வந்து சாயங்காலம் கம்பம், கூடலூர் இறங்குகிறவர்களும் இங்கேதான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு எப்படிக் கட்டிக் கொடுப்பது?

மருந்தாளர்_பீருமேடு:
ஐஸ் வைக்கவே வைக்காதீங்க. நாலைந்து மணி நேரம் கரண்ட் இல்லாததால் இன்சுலின் கெடாது. உறைந்தால் கெட்டுவிடும். இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்பதில் எல்லாரும் 8-ஐப் பார்த்துப் பயப்படுவார்கள், 2-ஐ மறந்துவிடுவார்கள். கலங்கல் இன்சுலின் உறைந்து இளகினால் கட்டி கட்டியாகத் தெரியும். தெளிந்த இன்சுலின் பார்க்க நன்றாகவே இருக்கலாம், வேலை செய்யும் என்றுதான் நம்ப முடியாது. டி.டி.யும் அப்படித்தான், உறைந்ததைக் கொட்டத்தான் வேண்டும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டும் பின்சுவரும் ஆகாது. கதவுத் தட்டு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடாகும், அதுவும் வேண்டாம். நடுத்தட்டில் பிளாஸ்டிக் கூடையில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். காய்கறிப் பெட்டியிலும் கதவிலும் தண்ணீர் பாட்டிலை நிரப்பி விடுங்கள். கரண்ட் போனால் குளிரைப் பிடித்து வைப்பது அதுதான். கதவைத் திறக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கரண்ட் வந்ததும் "சீக்கிரம் குளிரட்டும்" என்று குமிழைக் கூட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதுதான் வினை. நம் மலைக்குளிரில் விடியும்போது உள்ளே பூஜ்யத்தைத் தொட்டிருக்கும்.

தெர்மாமீட்டர்:
மேலே சொன்னது சரி. ஆனால் அளக்காமல் ஒன்றும் தெரியாது. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். அதன் ஒயர் முனையைக் கிளிசரின் நிரப்பிய சின்ன பாட்டிலுக்குள் விட்டு, மருந்துக் கூடைக்குள்ளேயே வையுங்கள். காற்றில் தொங்கவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் எண் குதிக்கும். மருந்தின் சூடு அவ்வளவு வேகமாக மாறாது. கடை திறக்கும்போதும் அடைக்கும்போதும் இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதி ரீசெட் அழுத்த வேண்டும். ரீசெட் செய்யாவிட்டால் போன வார எண்ணையே தினமும் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

கம்பம் போகிறவர்களுக்கு: ஜெல் பேக்கை ஃப்ரீசரில் வைக்காமல் கீழ்த்தட்டில் குளிரவைத்து, துணியில் சுற்றி, இன்சுலினோடு சேர்த்துக் கட்டுங்கள். இடையில் அட்டை ஒன்று இருக்கட்டும். ஜீப் டேஷ்போர்டில் வெயில் படும்படி வைக்க வேண்டாம் என்று வாயால் சொல்லுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால், மூடி போட்ட டப்பாவில் இன்சுலினை வைத்து, அந்த டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் வைக்கலாம். திறந்த வயல் பெரும்பாலும் 28 நாள். எந்தச் சூட்டுக்குள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் உள்ளே இருக்கும் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். திறந்த தேதியை வயல் மேலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜை விடப் பெரிய ஆபத்து ஒன்று. நம் ஊர் வயல் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பென் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி. பென் பழுதாகி, கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை இறங்கி ஆள் மயங்கிவிடுவார். சிரிஞ்ச் மட்டும் கேட்டு வந்தால் மருந்து வயலா கார்ட்ரிட்ஜா என்று கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஏலமலை_மெடிக்கல்ஸ்:
நன்றி அண்ணே. கவரில் பையன் மலையாளத்தில் எழுதித் தருகிறான். தோட்டத்து ஆட்களில் பலருக்குத் தமிழ்தான் படிக்க வரும். அதற்கு என்ன வழி?

மருந்தாளர்_பீருமேடு:
சூரியன், உச்சிச் சூரியன், நிலா என மூன்று படம் உள்ள ரப்பர் ஸ்டாம்ப் செய்து வையுங்கள், பக்கத்தில் எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் போல வாரம் ஒரு தடவை மாத்திரை என்றால் படம் போதாது. கிழமையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, "தினமும் இல்லை" என்றும் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போடுங்கள். தினம் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. வாங்குகிறவரையே என்ன கிழமை என்று திருப்பிச் சொல்ல வையுங்கள்.

கத்தரித்துக் கொடுக்கும் ஸ்ட்ரிப்பில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உள்ள முனையைக் கடைசி வரை கடையிலேயே வையுங்கள். தைராய்டு மாத்திரையைப் பாட்டிலிலிருந்து எண்ணிக் காகிதக் கவரில் போடுவதையும் நிறுத்துங்கள். நம் மலை ஈரத்துக்கு அது தாங்காது. முழு பாட்டிலாகவே கொடுங்கள்.