மருந்தால் கட்டுப்படும் நோயும் மாற்றுத்திறன் வரையறையும்

கேள்வி: மருந்தினால் வலிப்பு கட்டுக்குள் இருக்கும் ஒருவரை, பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் மாற்றுத்திறனாளியாகக் கருதுமா?

மறுமொழி 1: பெரும்பாலும் கருதும். உடல் அல்லது மனக் குறைபாடு ஒருவரின் அன்றாடச் செயல்பாட்டைக் கணிசமாகவும் நீண்டகாலத்துக்கும் பாதிக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு கூறினாலும், சிகிச்சையின் பயனை ஒதுக்கிவைத்து, அது இல்லாவிட்டால் நிலைமை எப்படியிருக்கும் என்றே பார்க்க வேண்டும். கண்ணாடி அணிந்தால் சரியாகிவிடும் பார்வைக் குறைவுக்கு மட்டும் இவ்விதி பொருந்தாது.

மறுமொழி 2: ‘கணிசமாக’ என்ற சொல் பலரை வீணாக மிரட்டுகிறது; பாதிப்பு அற்பமானதாக இல்லாவிட்டாலே போதும். ‘நீண்டகாலம்’ என்பது 12 மாதங்கள் நீடித்ததையோ, அவ்வளவு காலமோ எஞ்சிய ஆயுள் முழுவதுமோ நீடிக்கக்கூடியதையோ குறிக்கும். புற்றுநோய், எச்ஐவி தொற்று போன்றவற்றுக்கு இந்த அளவுகோல்களைப் பார்க்கவே தேவையில்லை; அவை இருந்தாலே மாற்றுத்திறனாகக் கருதப்படும்.

கேட்டவர்: நன்றி. மருந்து உட்கொள்வதாலேயே பாதுகாப்பு போய்விடுமோ என்றுதான் ஐயுற்றேன்.