மூளைக் கட்டி ஒருவரைக் கொலையாளி ஆக்குமா?

கேள்வி:
1966 ஆகஸ்ட் 1 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து பலரைச் சுட்ட சார்லஸ் விட்மன், தன் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்து மனமாற்றத்துக்குக் காரணம் தேடும்படி முன்னரே எழுதி வைத்திருந்தார். பரிசோதனையில் மூளைக் கட்டியும் தென்பட்டது. அக்கட்டியே குற்றத்துக்குக் காரணம் எனலாமா?

மறுமொழி 1:
இயலாது. ஆளுநர் அமைத்த நிபுணர் குழுவே, கட்டி பங்களித்திருக்கக்கூடும் என்ற அளவில் நின்றதேயன்றி, தெளிவான தொடர்பை நிறுவவில்லை. உணவும் தண்ணீரும் உடன் எடுத்துக்கொண்டு திட்டமிட்டுக் கோபுரம் ஏறிய ஒருவரின் செயலை, அக்கணத்தில் நேர்ந்த கட்டுப்பாட்டிழப்பு என ஏற்பது எனக்குக் கடினமாக உள்ளது.

மறுமொழி 2:
தனியொருவரை விடுத்துக் குழுக்களைப் பார்ப்போம். ஆய்வாளர் ஏட்ரியன் ரெய்னும் உடன் பணியாற்றியோரும், மூளையின் எப்பகுதி எவ்வளவு இயங்குகிறது எனக் காட்டும் பெட் ஸ்கேனைக் கொண்டு 1997இல் வெளியிட்ட ஆய்வில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட 41 பேரின் முன்மூளைப் புறணி, ஒப்பீட்டுக்கு எடுத்த 41 பேருடையதைவிடக் குறைவாகவே குளுக்கோஸைப் பயன்படுத்தியது. உந்துதலை அடக்குவதில் பங்குள்ள பகுதி அது. ஆயினும் குற்றம் சாட்டப்பட்ட அந்த 41 பேரும் மனநிலைப் பிறழ்வைக் காரணம் காட்டி வாதாடியவர்கள். பலருக்குத் தலைக்காயமும் இருந்தது. ஆகவே இம்முடிவைக் கொலையாளிகள் எல்லோருக்கும் பொருத்துவது பிழையாகும்.

மறுமொழி 3:
மூளைக் காயத்துக்குப் பின் குற்றம் புரிந்த 17 பேரைப் பற்றிய 2018ஆம் ஆண்டு ஆய்வையும் சேர்த்துக்கொள்ளலாம். காயங்கள் வெவ்வேறு இடங்களில் இருந்தும், அவை அறநெறி சார்ந்த முடிவெடுத்தலோடு தொடர்புடைய ஒரே மூளை வலையமைப்போடு இணைந்திருந்தன. எனினும், அத்தகைய காயமுற்றோர் எல்லோரும் குற்றவாளிகளாவதில்லை என்பதால், ஸ்கேன் படத்தைக் கொண்டு எவரையும் முன்கூட்டியே கணிக்க முடியாது.